மெழுகு சுரண்டும் ஞாயிறு

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் கலைந்தது. மெழுகுவர்த்தித் தட்டின் அடியில் தரையெல்லாம் மெழுகு; பக்கத்தில் அதைச் சுரண்டும் கத்தியும் வாளியும். கோயிலைச் சுத்தம் செய்வது ஓரகத்திகள் இருவரின் வேலை. ஒரு வாரம் மூத்தவள், மறு வாரம் இளையவள். வாரம் எந்தக் கிழமையில் தொடங்குகிறது என்பதை மட்டும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

"என் வாரம் நேத்தோட சரி. இன்னிக்கு உன்னுது." மூத்தவள் பட்டுச் சேலையில், கையில் பையோடு நின்றாள்.

"அது எப்படிக்கா? வாரம் திங்கக்கிழமைதானே பொறக்குது. ஆபீஸ், ஸ்கூல் எல்லாம் அன்னிக்குத்தானே திறக்கறாங்க?"

"பேரன் பொறந்து மூணு நாளாச்சுடி. இன்னும் மூஞ்சியப் பாக்கல. இந்த பஸ்ஸை விட்டா நாளைக்குத்தான்."

"சாமிகிட்டயே கேப்போம், வாங்க."

சற்றுக் கண்ணயரலாம் என்று அறைச் சாவியோடு போய்க்கொண்டிருந்த பங்குச் சாமியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிரசங்கத்தில் கொட்டாவி விடுகிறவர்கள் சந்தேகம் கேட்கிறார்களே!

"ஞாயிறுதாம்மா முதல் நாள். அன்னிக்குத்தான் கடவுள் வெளிச்சத்தைப் படைச்சாரு. ஏழாம் நாள் ஓய்வு, அது சனிக்கிழமை. ஏசு உயிர்த்ததும் வாரத்தோட முதல் நாள்லதான். அதனாலதான் இன்னிக்குப் பூசை."

"கேட்டுக்கிட்டியாடி?"

"நல்லாவே கேட்டேன். அப்போ போன ஞாயிறு உங்க வாரத்தோட முதல் நாள். அன்னிக்கு முட்டி தேயச் சுரண்டினது யாரு? நான்! அதுக்கு ஈடா இன்னிக்கு நீங்க சுரண்டுங்க."

மூத்தவள் பஸ் வருகிறதா என்று தெருப்பக்கம் பார்த்தாள்; சாமியாரைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை வேலையே செய்யக் கூடாதுன்னு ஏதாச்சும் இருக்கா சாமி?"

"எங்கம்மா! அந்த முதல் ஞாயிறே, விடியுமுன்ன பொம்பளைங்க ஏசு உடம்புல பூச வாசனைப் பொருளைத் தூக்கிக்கிட்டுக் கல்லறைக்குப் போனாங்க. முந்தின நாள் ஓய்வு நாளாச்சே, எடுத்த காரியம் பாதியில நின்னுபோச்சு."

"அப்பவே மிச்ச வேலை நம்ம தலையிலதானா!" என்றாள் இளையவள்.

"வேற யாரு செய்வா?" என்றாள் மூத்தவள். இந்த ஒன்றில் மட்டும் ஓரகத்திகள் ஒரே கட்சி. "ஆமா, ஆம்பளைங்க எங்க போனாங்க சாமி?"

"அவங்க… பயந்துபோய்க் கதவைப் பூட்டிக்கிட்டு உள்ள இருந்தாங்க."

சொன்னவர் தன் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். ஓரகத்திகளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் கத்தியை இப்படிக் குடும்மா," என்று சாவியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு மெழுகுவர்த்தித் தட்டருகே போய் மண்டியிட்டார் சாமியார்.

"முட்டி போடறது சாமிக்கு என்ன புதுசா!" இளையவள் வாளியை அவர் பக்கம் தள்ளினாள்.

மூத்தவள் அதற்குள் வாசல் தாண்டியிருந்தாள்.

"அக்கா! பையன் யாரு ஜாடைன்னு பாத்துட்டு வாங்க. உங்க மூக்கா இருந்தா மட்டும் சொல்லாதீங்க!"

"உன் வாயா இல்லாம இருந்தாப் போதும்டி!" என்று பஸ் படியிலிருந்து பதில் வந்தது.