இரண்டு தப்பும் ஒரு பித்தளைப் பூணும்

பல் டாக்டர் தன் பில்லியர்ட்ஸ் கோலை உறையோடு கொண்டுவந்து பட்டறை மேசைமேல் வைத்தார். வைத்த விதத்திலேயே கோபம் தெரிந்தது.

"இது கோணல்ம்மா. நேரா அடிச்சா பந்து இடப்பக்கம் ஓடுது. சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை எனக்குப் போட்டி இருக்கு."

கடைசல்காரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. கட்டில் கால், நாற்காலிக் கால், மாடிப்படிக் கைப்பிடி என்று பதினைந்து வருடம் மரம் கடைந்தவள் அவள். கடந்த ஆறு வருடமாக பில்லியர்ட்ஸ் கோல் மட்டும்தான் செய்கிறாள். ஒரு கோலுக்கு நான்கு மாதம் எடுத்துக்கொள்வாள். அவசரப்பட்டு ஒரேயடியாக மெலியவைத்தால் மரம் முறுக்கிக்கொள்ளும். அதனால் கொஞ்சம் கடைவாள், சில வாரம் தொங்கவிடுவாள், மரம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி கொஞ்சம் கடைவாள். டாக்டரின் கோலை ஏழு தடவை அப்படிக் கடைந்திருந்தாள்.

கோலின் இரண்டு பாதிகளையும் திருகிச் சேர்த்தாள். தடித்த கண்ணாடிப் பலகைமேல் வைத்து உருட்டினாள். கோணல் இருந்தால் கோல் துள்ளும். இது சத்தமில்லாமல் உருண்டு போய் நின்றது. பட்டறையில் அவளோடு வேலை செய்யும் நாத்தனார் கன்னத்தைப் பலகையில் ஒட்டவைத்து, கோலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தாள். கோல் முனைக்குத் தோல் ஒட்டுவதும் மெருகு போடுவதும் அவள் வேலை. கண்ணும் கூர்மை, நாக்கும் கூர்மை.

"தலைமுடி நுழைய இடமில்ல, அண்ணி."

"நான் இருபத்திரண்டு வருஷமா ஆடுறேன்," என்றார் டாக்டர். "பழைய கோல்ல ஒரு நாளும் இப்படி ஆனதில்ல." கோலை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றாள் நாத்தனார், அவர் படியிறங்கும் முன்னாலேயே.

கடைசல்காரி சிரிக்கவில்லை. அந்த ஆள் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. கோலும் பொய் சொல்லவில்லை. இரண்டும் உண்மை என்றால் நடுவில் வேறு ஏதோ ஒன்று இருக்கிறது. அது என்ன? மறுநாள் காலை முழுவதும் அந்தக் கேள்வி காதுக்குள் புகுந்த எறும்பு மாதிரி குடைந்தது. மத்தியானம் கோலை எடுத்துக்கொண்டு டாக்டரின் கிளினிக்குக்குப் போய்விட்டாள்.

உள்ளே ஆள் இருந்தது. பாதி திறந்திருந்த கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. டாக்டர் ஒரு நீலக் காகிதத் துண்டை நோயாளியின் பற்களுக்கு நடுவே வைத்து, "கடிங்க, இன்னொரு தடவை கடிங்க," என்றார். பிறகு காகிதத்தை எடுத்துவிட்டு, பல்லில் நீலம் பதிந்த இடத்தை மட்டும் லேசாகத் தேய்த்தார்.

அந்த ஆள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போனதும் அவள் கோலைப் பற்றிப் பேச மறந்தே போனாள்.

"அது என்ன டாக்டர், நீலப் பேப்பர்?"

"அதுவா? பல்லை அடைச்சா எங்கயாவது உயரமா இருந்து இடிக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆளுக்கும் சொல்லத் தெரியாது. எங்க இடிக்குதோ அங்க நீலம் ஒட்டிக்கும்."

"ஒரு கட்டு குடுங்க," என்றாள் அவள். "ஞாயித்துக்கிழமை காலையில உங்க கிளப்புக்கு வர்றேன். பழைய கோலையும் எடுத்துட்டு வாங்க."

கிளப் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாசனை. நான்கு மேசைகளில் மூன்று காலி. நாத்தனார், எண் மூன்று போட்ட பந்தை எடுத்து, எண் டாக்டரைப் பார்க்கும்படி வைத்தாள். எண்மேல் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தொட்டு நீலக் காகிதத்தை ஒட்டினாள்.

"சரியா நடுவுல அடிங்க. மேசையோட எதிர்ச் சுவர்ல பட்டு உங்ககிட்டயே திரும்பணும்."

டாக்டர் குனிந்தார். இடது கையை மேசையில் ஊன்றி, விரல்களுக்கு நடுவே கோலை முன்னும் பின்னும் இழைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடித்தார். பந்து இடப்பக்கம் சாய்ந்து ஓடியது. காகிதம் உதிர்ந்த பந்தை நாத்தனார் எடுத்து வந்தாள். நீலப் புள்ளி, எண்ணின் நடுவிலிருந்து ஒரு மிளகு அகலம் இடப்பக்கம் தள்ளி இருந்தது.

பத்து தடவை அடித்தார். ஒன்பது தடவை மிளகு அதே இடத்தில். டாக்டரின் காது சிவந்துவிட்டது. நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கடைசல்காரி அவள் காலை மிதித்தாள்.

"அப்ப பழைய கோல்ல மட்டும் ஏன் நேராப் போகுது?" என்றார் டாக்டர், பிடிவாதமாக.

"அதையும் அடிச்சுப் பாருங்க."

அடித்தார். பந்து நூல் பிடித்த மாதிரி நேராகப் போய், சுவரில் பட்டு, அவரிடமே வந்தது. நீலப் புள்ளியைப் பார்த்தார்கள். அதே மிளகு. அதே இடப்பக்கம்.

மூவரும் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தப்பாக இடித்தும் பந்து சரியாகப் போகிறது!

கடைசல்காரி பழைய கோலை வாங்கி, முனையிலிருந்து அங்குலம் அங்குலமாகத் தடவினாள். தோலுக்குக் கீழே, முனை பிளக்காமல் காக்கும் பூண் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். உள்ளே மஞ்சளாக மின்னியது.

"பித்தளை! யார் போட்டா இது?"

"காலேஜ்ல படிக்கும்போது முனை விரிஞ்சுபோச்சு. பைப் ரிப்பேர் பண்ற ஒருத்தர் போட்டுக் குடுத்தார். அதையா கேக்கறீங்க? நான் மறந்தே போயிட்டேன்."

அவள் தலையில் தட்டிக்கொண்டாள். பழைய கோலை மாதிரிக்கு வாங்கியபோது நீளம் அளந்தாள், எடை போட்டாள், நூலில் தொங்கவிட்டு நடு எங்கே வருகிறது என்று குறித்துக்கொண்டாள். முனை மட்டும் எவ்வளவு கனம் என்று பார்க்கவில்லை. புதுக் கோலில் முனை லேசாக இருந்தால் நல்லது என்று பூணைச் சின்னதாக்கி, முனை மரத்துக்குள்ளே துளைகூடப் போட்டிருந்தாள்.

"கீழ டயர் கடையில சக்கரத்துக்கு ஒட்டற ஈயத் துண்டு இருக்கும். ரெண்டு வாங்கிட்டு வா," என்றாள் நாத்தனாரிடம்.

ஈயத்தைப் புதுக் கோலின் முனையருகே டேப் போட்டுச் சுற்றினார்கள். டாக்டர் அடித்தார். நீலப் புள்ளி அதே மிளகு அகலம் இடப்பக்கமே விழுந்தது. பந்து நேராகப் போயிற்று.

"புரிஞ்சுபோச்சு!" என்று அவள் மேசையைத் தட்டினாள். "டாக்டர், கோவிச்சுக்காதீங்க. இடிக்கிற நேரத்துல உங்க கை கோலை இடப்பக்கமாச் சாய்க்குது. அதனால பந்தோட இடது பாதியில இடிக்கறீங்க. அப்படி இடிச்சா பந்து வலப்பக்கம் நழுவப் பார்க்கும். முனை கனமா இருந்தா நல்லாவே நழுவும். கோல் சாய்ஞ்சது இந்தப் பக்கம், பந்து நழுவினது அந்தப் பக்கம். ரெண்டும் சரிக்குச் சரி. நான் முனையை லேசாக்கி நழுவறதைக் கொறைச்சுட்டேன். சாய்ஞ்சது மட்டும் மிச்சம்."

"எங்க வீட்டுல அண்ணன் இழுக்க, அண்ணி தள்ள, குடும்பம் நேராப் போற மாதிரி," என்றாள் நாத்தனார். இந்தத் தடவை அவள் காலை யாரும் மிதிக்கவில்லை.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இருபத்திரண்டு வருஷமா என் கை தப்பா?"

"தப்பு உங்க கையில பாதி, பித்தளையில பாதி."

"அப்ப இதுலயும் பித்தளை போட்டுடுங்க. விட்டது தொல்லை."

போடலாம். அரை நாள் வேலை. ஆனால் அவளுக்குள் எறும்பு இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. ஈயத்தைப் பிரித்து எடுத்தாள். "இன்னும் பத்தே அடி. ஊன்றிய கையை நாலு விரக்கடை பின்னால வைங்க. வேற எதையும் மாத்தாதீங்க."

"எதுக்கு?"

"கை பந்துக்குப் பக்கத்துல இருந்தா, முனை ஒரு மிளகு விலகவே கோல் நிறையச் சாயணும். கை தள்ளி இருந்தா கொஞ்சம் சாய்ஞ்சாலே முனை அவ்வளவு விலகிடும். சாய்வு கொறைஞ்சா, அதை ஈடுகட்ட இந்த லேசான முனையே போதும்னு நினைக்கிறேன். சும்மா நினைப்புதான். அடிச்சுப் பார்ப்போம்."

பத்தில் ஏழு நேராகப் போயின. டாக்டர் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரோ என் சட்டையைப் போட்டுட்டு நிக்கிற மாதிரி இருக்கு," என்றார். பிறகு, "வலி ஒரு இடம், கோளாறு ஒரு இடம்னு தினமும் நாலு பேருக்காவது சொல்றேன். எனக்கே யாராவது சொல்ல வேண்டியிருக்கு பாருங்க," என்று பித்தளை இல்லாத கோலை உறையில் போட்டுக்கொண்டார்.

போட்டிக்குக் கடைசல்காரியும் நாத்தனாரும் போனார்கள். எதிராளி ஒரு தபால்காரர். மூன்று வருடமாகத் தோற்காதவர். டாக்டர் கையை நாலு விரற்கடை பின்னால் ஊன்றியே ஆடினார். முதலில் தடுமாறினார். பிறகு பந்துகள் சொன்ன பேச்சைக் கேட்டன. ஆட்டம் கடைசிப் பந்துவரை போயிற்று. அது சுலபமான பந்து. அடித்தார், குழியின் உதட்டில் தட்டி வெளியே வந்துவிட்டது. தபால்காரர் அதைப் போட்டு முடித்தார்.

டாக்டர் அவர்களை நோக்கி வந்தார். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அடிக்கறதுக்கு முன்னாலயே தலையத் தூக்கிட்டேன். பார்த்தீங்களா?"

"பார்த்தேன்," என்றாள் கடைசல்காரி.

"தோக்கறது புதுசில்ல. ஏன் தோத்தேன்னு இன்னிக்குத்தான் தெரியுது," என்று சொல்லிவிட்டு, தபால்காரரின் கையைக் குலுக்கப் போனார்.

அதற்குப் பிறகு கடைசல்காரி யார் கோல் கேட்டு வந்தாலும் முதலில் ஆடவைத்துப் பார்த்தாள். அதற்காகவே பழைய பில்லியர்ட்ஸ் மேசை ஒன்றைப் பட்டறையின் பின்பக்கம் போட்டிருந்தாள். மாதம் ஒன்று கழித்துத் தபால்காரரே வந்தார்.

"எனக்கெதுக்கும்மா பரீட்சை? ஜெயிச்சவன் நான்."

"ஜெயிச்சாலும் பத்து அடி."

முணுமுணுத்துக்கொண்டே குனிந்தார். அவள் இந்தத் தடவை பந்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். கோல் பந்தைத் தொடும் கணத்தில் தபால்காரர் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டார். பந்து நேராகப் போய்க் குழியில் விழுந்தது.

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனாரும் அதைப் பார்த்திருந்தாள்.

"இன்னொண்ணு அடிங்க," என்றாள் கடைசல்காரி, முக்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டுக்கொண்டு.