கம்சிகாவின் அண்ணன்

கிழக்கு லண்டனில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் ஒன்றியத்தில் பெனிற்றா ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். பல நாட்டு மாணவர்கள் சேர்ந்து நடத்தும் கழகங்களுக்கு ஆலோசகர் என்று அவளுடைய கழுத்து அட்டையில் எழுதியிருக்கும். அறை பதிவு செய்து கொடுப்பது, படிவங்களைச் சரிபார்ப்பது, தலைவியும் செயலாளரும் முகம் பார்க்காமல் இருந்தால் இருவரையும் கூப்பிட்டுத் தேநீர் வாங்கிக் கொடுப்பது, இவைதான் வேலை. மன்னாரில் பிறந்து இருபத்திநாலு வயதில் லண்டனுக்கு வந்தவள். தெற்கு லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் வீடு. கணவன் ஜெஸ்ரின் பஸ் ஓட்டுகிறான்.

அவள் பார்த்துக்கொள்ளும் கழகங்களில் மூன்று அமெரிக்க முறையில் தங்களைச் சகோதரிகள் என்றும் சகோதரர்கள் என்றும் அழைத்துக்கொள்பவை. அவற்றில் அவளுக்குப் பிடித்தது 'ஒன் டேபிள்' என்ற சகோதரிகள் சங்கம். பன்னிரண்டு பெண்கள், ஒன்பது நாட்டுப் பின்னணி. அதைத் தொடங்கியவள் ஹோடான் என்ற சோமாலியப் பெண். சட்டம் படிக்கிறாள், நீதிபதி இப்போதே அவளுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது போலப் பேசுவாள்.

சங்கம் தொடங்கிய காலத்தில், புதிதாகச் சேருகிறவள் தன் வீட்டுச் சாப்பாடு ஒன்றைக் கொண்டுவந்து எல்லோருக்கும் பரிமாற வேண்டும் என்று ஹோடான் விதி எழுதிக்கொண்டு வந்தாள். வீட்டில் சமைத்ததை ஒன்றியக் கட்டடத்தில் பரிமாறுவதென்றால் ஒவ்வாமைப் படிவம் மட்டும் ஒன்பது பக்கம். அன்று வெள்ளிக்கிழமை, பெனிற்றாவுக்குத் தலையிடி.

"சாப்பாடு வேண்டாமே. ஒவ்வொருவரும் ஒரு கதை கொண்டுவரட்டும். மனதில் சுமந்துகொண்டிருக்கிற ஏதாவது ஒன்று. அதற்குப் படிவம் தேவையில்லை" என்றாள்.

ஹோடானின் கண் விரிந்தது. "அது இன்னும் நல்லது!"

அப்படித்தான் அது தொடங்கியது. பெனிற்றா அன்றே அதை மறந்துவிட்டாள்.

ஒன்றரை வருடம் கழித்து, ஏப்ரல் மாதக் கடைசியில், ஹோடான் ஒரு அறைப் பதிவுப் படிவத்தோடு வந்தாள். இலங்கை யுத்தம் முடிந்த நாளான மே மாதம் பதினெட்டாம் திகதி மாலை, முப்பது பேருக்கு, மெழுகுதிரி ஏற்ற அனுமதி வேண்டும். நோக்கம் என்ற இடத்தில் 'கம்சிகாவின் அண்ணன் நினைவாக' என்று எழுதியிருந்தது.

கம்சிகாவைப் பெனிற்றாவுக்குத் தெரியும். மருந்தியல் இரண்டாம் வருடம். இலங்கைத் தமிழ்ப் பிள்ளை, லண்டனிலேயே பிறந்தவள். தனியாகக் கண்டால் 'அன்ரி' என்பாள், மற்றவர்களுக்கு முன்னால் 'பெனிற்றா' என்பாள். பெற்றோருக்குக் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பலசரக்குக் கடை.

"அண்ணனா? எந்த அண்ணன்?" என்று கேட்டாள் பெனிற்றா.

ஹோடான் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். பெற்றோர் லண்டனுக்கு வந்தபோது மூத்த பையனைக் கூட்டிவர முடியாமல் வன்னியில் மாமன் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்களாம். பிறகு லண்டனுக்கு எடுப்பிக்கலாம் என்று நினைத்தார்களாம். யுத்தத்தின் கடைசி மாதத்தில் ஒன்பது வயதில் அவன் செத்துப்போனானாம். கம்சிகா அவனை ஒருநாளும் பார்த்ததில்லை. வீட்டில் ஒரு படம்கூட இல்லை. கதை சொல்லும் வட்டத்தில் அவள் அதைச் சொன்ன அன்று எல்லோரும் அழுதார்கள். ஷிலானே அழுதாள். ஷிலான் குர்திஷ்காரி, செத்துப்போன தன்னுடைய சித்தப்பாவைப் பற்றிச் சொன்னபோதுகூட அழாதவள்.

"அவளுடைய அப்பா அம்மாவையும் கூப்பிட விரும்புகிறோம். கம்சிகாவுக்குத் தெரியக் கூடாது. நாங்கள் ஆங்கிலத்தில் கேட்டால் சரியாக இருக்காது. நீங்கள் தமிழில் பேசுவீர்களா?"

பெனிற்றா அந்தப் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றவர்களிடம் இதைத் திடீரென்று கேட்பது சரியல்ல என்று ஒரு மனம் சொன்னது. கேட்காமலே மேடை போட்டு அவர்களைத் திகைக்க வைப்பது அதைவிட மோசம் என்று மறு மனம் சொன்னது. கடையின் எண்ணை ஹோடான் ஏற்கெனவே இணையத்தில் எடுத்து வைத்திருந்தாள். அவள் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு பெனிற்றா கடைக்குப் போன் எடுத்தாள்.

"ஹலோ, யோகராஜா கதைக்கிறன்."

"வணக்கம் அண்ணை. நான் கம்சிகாவின்ர யூனிவேர்சிற்றியிலயிருந்து பெனிற்றா கதைக்கிறன்."

"ஐயோ, பிள்ளைக்கு என்ன?"

"ஒண்டுமில்லை அண்ணை, பயப்பிடாதேங்கோ. பிள்ளை நல்ல சுகம். அவவின்ர சிநேகிதப் பிள்ளையள் ஒரு நிகழ்ச்சி வைக்கினம். உங்கட மகனை நினைச்சு..."

"மகனையோ?" யோகராஜா கொஞ்சம் யோசித்தார். பிறகு வாயைப் போனிலிருந்து எடுக்காமலே சத்தம் போட்டார். "அர்ஜுன்! யூனிவேர்சிற்றியில உனக்கு என்னவோ நிகழ்ச்சியாம்!"

"அதை விடுங்கோ அப்பா, இந்த அரிசி மூட்டையை எங்க இறக்கிறது?" என்று ஒரு கனத்த குரல் தூரத்தில் கேட்டது.

"அர்ஜுன்தானோ அண்ணை உங்கட மகன்?"

"ஓம். ஒரு மகன், ஒரு மகள். ஏன் பிள்ளை?"

"வேற மகன் ஒருத்தரும்..."

"வேறயோ? இந்த ஒண்டையே மேய்க்க ஏலாமக் கிடக்கு." அவர் சிரித்தார்.

"அப்ப நான் ஆளை மாறி எடுத்திட்டன் போல கிடக்கு. குறை நினையாதேங்கோ அண்ணை."

போனை வைத்துவிட்டு, மறுநாள் வந்து பார்க்கும்படி கம்சிகாவுக்கு எழுதினாள்.

மறுநாள் மத்தியானம் கம்சிகா வந்து எதிரே உட்கார்ந்தாள். சிறிய முகம், பெரிய கண்ணாடி. பெனிற்றா படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். கம்சிகா வாசித்தாள்.

"நான் அப்பாவோட கதைச்சனான்" என்றாள் பெனிற்றா.

கம்சிகா ஒன்றும் மறுக்கவில்லை. "சொல்லிப்போட்டீங்களோ அன்ரி?"

"இல்லை. நீர் சொல்லும். ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

அவள் பாதி ஆங்கிலத்திலும் பாதி வீட்டுத் தமிழிலுமாகச் சொன்னாள். அன்று வட்டத்தில் அவளுக்கு முன்னால் நான்கு பேர். ஒருத்தி படகில் வந்த கதை. ஒருத்தியின் தகப்பன் சிறையில். ஷிலானின் சித்தப்பா. ஒவ்வொரு கதை முடியும்போதும் எல்லோரும் எழும்பிப் போய்க் கட்டிப்பிடித்தார்கள். அடுத்தது அவள்.

"எனக்குச் சொல்ல ஒண்டும் இருக்கேல்லை அன்ரி. நான் வேற ஒண்டுதான் நினைச்சுக்கொண்டு போனனான். பள்ளிக்கூடத்தில இயர் நைன்ல எனக்குச் சிநேகிதமே இல்லை, லன்ச் டைமுக்கு லைப்ரரியில ஒளிச்சிருப்பன், அதைச் சொல்லுவம் எண்டு. அந்தப் படகுக் கதைக்குப் பிறகு அதை எப்பிடிச் சொல்லுறது? நீ தமிழ்தானே, உங்கட ஆக்களுக்கும் நிறைய நடந்ததுதானே எண்டு எல்லாரும் என்னைப் பாக்கினம். ஒருக்கா ஹோல் ஒண்டில நடந்த கூட்டத்தில ஒரு அம்மா செத்துப்போன தன்ர மகனைப் பற்றிக் கதைச்சதைக் கேட்டனான். அது வாயில வந்திட்டுது."

"ஆரின்ரையோ பிள்ளையை எடுத்து உம்மட அண்ணன் ஆக்கிப்போட்டீர்."

"ஓம்."

பெனிற்றாவுக்கு ஒரு தம்பி உண்டு. பெயர் யூட். இரண்டாயிரத்து ஒன்பது ஏப்ரலில் வன்னியில் புதுமாத்தளன் பக்கம் அவனைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் காணவில்லை. இந்த அலுவலகத்தில் ஒன்பது வருடமாக ஒருவருக்கும் அவள் அதைச் சொன்னதில்லை. எதிரில் இருந்த பிள்ளையின் கண்ணாடியைப் பிடுங்கி எறிய வேண்டும் போல ஒரு ஆத்திரம் வந்தது.

"கொஞ்சம் இரும், வாறன்" என்று எழும்பி வெளியே போனாள். கீழே இறங்கி வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றி இரண்டு முறை நடந்தாள். மூன்றாவது சுற்றில்தான் அந்த வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. மனதில் சுமந்துகொண்டிருக்கிற ஏதாவது ஒன்று. அதைச் சொன்னது யார்? ஒன்பது பக்கப் படிவத்தைப் பார்க்கச் சோம்பல்பட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளிடம் துக்கத்தை நுழைவுச்சீட்டாகக் கேட்டது யார்? ஆத்திரம் போய்விடவில்லை. ஆனால் அதில் பாதி தன் பக்கம் திரும்பிவிட்டது.

மேலே வந்தபோது கம்சிகா அசையாமல் அதே இடத்தில் இருந்தாள்.

"எனக்கு இப்ப உம்மில சரியான கோவம்" என்றாள் பெனிற்றா. "அது இருக்கட்டும். நீர் என்ன செய்யப் போறீர்?"

"சங்கத்தை விட்டு விலகினா?"

"விலகலாம். மெழுகுதிரி கொளுத்துவினம். நீர் இல்லாமலே கொளுத்துவினம்."

கம்சிகா அழத் தொடங்கினாள். பெனிற்றா திசுப் பெட்டியை நகர்த்தி வைத்தாள். தலையைத் தடவிவிட மனம் வரவில்லை.

"நீங்கள் சொல்லுறியளோ அன்ரி?"

"இல்லை. நான் பக்கத்தில இருப்பன். வாயைத் திறக்கிறது நீர்தான்."

புதன்கிழமை பின்னேரம் மூன்றாம் மாடி அறையில் கூடினார்கள். கதிரைகள் வட்டமாகப் போட்டிருந்தன. பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். ஆலோசகர் வருவது வழக்கமில்லை என்பதால் எல்லோரும் ஏதோ முறைப்பாடு என்று நினைத்துக்கொண்டார்கள்.

கம்சிகா எழும்பி நின்று ஆங்கிலத்தில் சொன்னாள். "எனக்கு அப்படி ஒரு அண்ணன் இல்லை. நான் பொய் சொன்னேன். எனக்கு இருக்கிற அண்ணன் பார்க்கிங்கில் எங்கள் கடையில் வேலை செய்கிறான்." அதைச் சொல்ல அவளுக்கு அரை நிமிடமும் ஆகவில்லை. பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தாள்.

முதலில் எழும்பியவள் ஷிலான். கத்தவில்லை. பையை எடுத்தாள், மேற்சட்டையை எடுத்தாள், கம்சிகாவின் முன்னால் வந்து நின்றாள். "என்னுடைய சித்தப்பாவின் பிள்ளைகளிடம் உன் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் அவனுக்காகத் தொழுதார்கள்" என்றாள். அவள் வெளியே போக, கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

ஹோடான் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். "இவளை நீக்குவதற்கு விதியில் இடம் இருக்கிறதா?" என்று பெனிற்றாவிடம் கேட்டாள்.

"இருக்கிறது. நீங்கள் வாக்கெடுக்கலாம். அதற்கு முன்னால் நான் ஒன்று சொல்ல வேண்டும்." பெனிற்றா உட்கார்ந்தபடியே பேசினாள். "கதை கொண்டுவரச் சொன்னது நான். எனக்கு அன்று படிவம் பார்க்க அலுப்பாக இருந்தது. உங்கள் வயதில் இருப்பவர்களிடம் அப்படிக் கேட்டால் என்ன நடக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். என் மேலதிகாரிக்கும் காலையில் எழுதிவிட்டேன்."

ஹோடான்தான் கேட்டாள், குத்திக்காட்டுவதற்காக அல்ல, உண்மையில் தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்.

"நீங்களும் அங்கேயிருந்துதானே வந்தீர்கள். உங்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?"

"எனக்கு ஒரு தம்பி. ஆனால் அவனைப் பற்றி இங்கே சொல்லமாட்டேன்" என்றாள் பெனிற்றா.

"இறந்துவிட்டாரா?"

"தெரியாது" என்றாள்.

கம்சிகா, நின்ற இடத்தில் நின்றபடி, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஒன்பது வயதுப் பையனைச் சாகடித்ததைத் தான் அலுவலகத்தில் யாரிடம் ஒப்புக்கொண்டாள் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. யாரும் எழும்பி வந்து கட்டிப்பிடிக்கவில்லை. பெனிற்றா அதற்காக மனதுக்குள் நன்றி சொன்னாள்.

வாக்கெடுப்பு நடந்தது. கம்சிகா கோடைவிடுமுறை முடியும் வரை சங்கத்துக்கு வெளியே இருப்பது, பிறகு விரும்பினால் திரும்பக் கேட்கலாம் என்று ஆறு பேர். அடியோடு நீக்கிவிட வேண்டும் என்று மூன்று பேர். கம்சிகாவும், தலைவியாக இருந்ததால் ஹோடானும், வாக்குப் போடவில்லை. வட்டம் அன்றோடு நின்றது. சேர விரும்புகிறவள் மூன்று கிழமை ஒழுங்காக வந்து, கூட்டம் முடிந்ததும் கதிரை அடுக்கினால் போதும் என்று புது விதி எழுதினார்கள். மே பதினெட்டுக்கான பதிவைப் பெனிற்றா இரத்துச் செய்தாள். மேலதிகாரி அவளைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினார். எழுத்தில் ஒரு குறிப்பு அவளுடைய கோப்பில் சேர்ந்தது. அது நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது.

பத்து நாள் கழித்து அலுவலகத் தொலைபேசி அடித்தது.

"யோகராஜா கதைக்கிறன் பிள்ளை. பார்க்கிங் கடை. அண்டைக்கு நீங்கள் ஆளை மாறி எடுக்கேல்லை, என்ன?"

"இல்லை அண்ணை."

"கம்சிகா வீட்டில எல்லாம் சொன்னவ. தாய் ரெண்டு நாள் அவவோட கதைக்கேல்லை. அர்ஜுன்தான் சிரிச்சுச் சிரிச்சு, நான் செத்திட்டன், எனக்கு இண்டைக்குக் கடை லீவு எண்டு நிண்டவன். பிறகு அவனும் சிரிக்கிறதை விட்டிட்டான்." அவர் செருமிக்கொண்டார். "நாங்கள் இந்தப் பிள்ளையளுக்கு ஊரில நடந்தது ஒண்டும் சொல்லுறேல்லை. கேட்டாலும் படிப்பைப் பார் எண்டு விட்டிருவம். நீங்கள் அந்த நிகழ்ச்சியை நிப்பாட்டி எங்கட கடைப் பேரைக் காப்பாத்தினனீங்கள். அதுக்குத்தான் எடுத்தனான்."

"நான் ஒண்டும் காப்பாத்தேல்லை அண்ணை. பிள்ளைதான் தானா எழும்பிச் சொன்னவ."

"எழும்பிச் சொன்னவவோ?"

"ஓம். எல்லாருக்கும் முன்னால நிண்டு சொன்னவ."

மறுமுனையில் கல்லாப்பெட்டி திறந்து மூடும் சத்தம் கேட்டது. யாரோ மாவு கேட்டார்கள். "அதை எங்களுக்குச் சொல்லேல்லைப் பாருங்கோ" என்றார் யோகராஜா. அவருடைய குரல் இளகியிருந்தது.

ஒக்டோபரில் கம்சிகா திரும்பி வந்து கதிரை அடுக்கினாள். ஷிலான் சங்கத்துக்கு வரவே இல்லை. அதே மாதம் அவள் பெனிற்றாவின் கதவைத் தட்டி, பெண்கள் கைப்பந்துக் குழுவில் சேரும் படிவத்தை நீட்டினாள், கையெழுத்து வேண்டுமாம். பெனிற்றா வாசித்துக் கையெழுத்துப் போட்டாள். ஒன் டேபிளைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

ஷிலான் படிவத்தை மடித்துக்கொண்டு போகாமல் நின்றாள். "உங்கள் தம்பியைப் பற்றி அன்று நீங்கள் சொன்னதைப் பிறகு கேள்விப்பட்டேன். அவருடைய பெயரை மட்டும் சொல்வீர்களா?"

"யூட்" என்றாள் பெனிற்றா.

"யூட்" என்று ஷிலான் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று படியில் இறங்கி ஓடினாள்.