பதினேழாம் நம்பர் வண்டியின் கேபின் விளக்கு

அந்தப் பார்சல் கம்பெனியில் நாற்பது வேன்கள். நாற்பதுக்கும் வயரிங் வேலை பார்த்தவர் ஒரே ஆள். எந்த வண்டியில் எது எரியவில்லை என்று போய்ச் சொன்னாலும், "முதல்ல ஃபியூஸப் பாத்தியா?" என்பார். அதனால் ஷெட்டில் அவருக்கு ஃபியூஸ் என்றே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை மேனேஜர் அவரை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். மேசையில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் கேமராக்கள்.

"ரோட்டைப் பாக்குற கேமரா ஏற்கெனவே இருக்கே சார்?"

"அது வெளியே பாக்கும். இது உள்ளே பாக்கும். கேபின் விளக்கோட மூடிக்குள்ள வெச்சிருங்க. வெளிய தெரியக்கூடாது."

"டிரைவருங்ககிட்ட சொல்லியாச்சா?"

"சொல்றதா இருந்தா விளக்குக்குள்ள எதுக்கு வைக்கச் சொல்றேன்?" மேனேஜர் சிரித்தார். "ஆக்சிடென்ட் ஆனா மட்டும்தான் பதிவாகும். சத்தம் கித்தமெல்லாம் கிடையாது. மத்த நேரம் அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும்."

வெளியே யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அச்சடித்த தாளில் ஃபியூஸ் கையெழுத்துப் போட்டார். அப்போது மனதில் என்ன ஓடியது என்று பின்னால் பலரும் கேட்டார்கள். விளக்கு மூடியில் எத்தனை மில்லிமீட்டருக்குத் துளை போட்டால் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் ஓடியது. வேறொன்றும் ஓடவில்லை.

வயர் சோதனை என்று சொல்லி ஒரு நாளைக்கு ஏழெட்டு வண்டிகளாக எடுத்தார். வியாழக்கிழமை பதினேழாம் நம்பர் வந்தது. அதை ஓட்டுவது அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. சீட்டில் முதுகுக்கு முட்டுக்கொடுக்கும் சின்னத் தலையணை, கதவு இடுக்கில் இடுப்புப் பெல்ட். ஃபியூஸ் மூடியைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார். இந்த ஒரு வண்டியை விட்டுவிட்டால் அட்டைப்பெட்டியில் ஒரு கேமரா மிஞ்சும். முதல் கேள்வி தன்னிடம்தான் வரும். மாட்டிவிட்டு இறங்கினார்.

மைத்துனன் இரண்டு வருடமாக அவர்கள் வீட்டில்தான் இருந்தான். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வாஷிங் மெஷினைத் தூக்கி இறக்கும்போது முதுகில் பிடித்துக்கொண்டது. முதுகெலும்பில் ஒரு தட்டு லேசாக விலகியிருக்கிறது, கனம் தூக்காமல் இருந்தால் தானாகச் சரியாகும் என்றார் டாக்டர். வருடக் கடைசியில் நிரந்தர ஊழியர் பட்டியல் வரப்போகிற நேரம். ஆபீஸுக்குத் தெரிந்தால் பெயர் போய்விடும் என்று அவன் வாயே திறக்கவில்லை. அக்காவுக்கும் மாமாவுக்கும் மட்டும்தான் தெரியும். மதியம் நிழலாகப் பார்த்து வண்டியை நிறுத்துவான். சீட்டைச் சாய்த்து, பெல்ட்டை இறுக்கிப் படுத்துக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு அக்காவிடம் அரைமணி நேரம் பேசுவான்.

அன்று சாப்பிடும்போது ஃபியூஸ் மெதுவாக ஆரம்பித்தார்.

"மாப்ள, வண்டியில உக்காந்துக்கிட்டு போன்ல ரொம்பப் பேசாதே."

"ஓட்டும்போது பேசறதில்ல மாமா. நிறுத்திட்டுத்தான் பேசறேன்."

"நிறுத்திட்டும் பேசாதே."

"ஏன்?"

"பேட்டரி இறங்கிடும்."

மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அவன் போன்ல பேசினா வண்டி பேட்டரி எப்படிங்க இறங்கும்? ஒரு எலக்ட்ரீஷியன் சொல்ற பதிலா இது?"

மூன்று பேருமே சிரித்தார்கள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஃபியூஸ் அதைத் திரும்ப எடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஷெட் வாசலில் டீ கப்போடு நின்ற மேனேஜர் அவரைப் பார்த்துக் கண்ணடித்தார். "என்ன ஃபியூஸ், தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறீங்களாமே. பக்கத்துல படுக்குறவங்க பாவம் இல்லையா?"

ஃபியூஸ் பல்லிளித்துவிட்டு நாலடி நடந்தார். அப்புறம் நின்றுவிட்டார். அவர் பல்லைக் கடிப்பது உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் அதை வேடிக்கையாகச் சொல்லியிருந்தால் தம்பியிடம் சொல்லியிருப்பாள். சொல்லியிருந்தால் மதியம், போனில்.

ரிப்பேருக்காக நின்றிருந்த ஆறாம் நம்பர் வண்டியில் ஏறி, மூடியைக் கழற்றி, கேமராவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். லென்ஸுக்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவில் இன்னொரு துளை. மைக். மாட்டும்போதே அது அங்கேதான் இருந்தது. அவருடைய கண்ணில் அன்றே பட்டிருக்கவும் கூடும். பதினேழாம் நம்பருக்கு எந்த விபத்தும் நடக்கவில்லை. அப்படியென்றால் எல்லா நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவசர அவசரமாகத் திரும்ப மாட்டினார்.

மறுநாள் மைத்துனனை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோது கையில் வண்டிச் சாவி இல்லை.

"'முதுகு எப்படி இருக்கு'ன்னு மேனேஜரு கேக்கறாரு அக்கா. அதுதான் முதல் கேள்வி. கம்பெனி டாக்டர்கிட்ட சர்டிஃபிகேட் வாங்கிட்டு வா, அதுவரைக்கும் வண்டி கிடையாதுன்னுட்டாரு. கூட ஓட்டுற ஒருத்தனுக்கும் தெரியாது. உனக்குத் தெரியும்..."

அவன் அங்கேயே நிறுத்திவிட்டான். மாமாவைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தான். மனைவி தட்டைக் கீழே வைத்தாள்.

"மேனேஜரும் நீங்களும் கதவைச் சாத்திக்கிட்டுப் பேசினீங்களாம் மாமா. ஷெட்ல சொன்னாங்க."

"வேலை விஷயம்."

"என்ன வேலை?"

"வயரிங்."

அதற்கப்புறம் அந்த வீட்டில் பேச்சு நின்றுபோனது. அவர் வருவதற்கு முன்பே மைத்துனன் சாப்பிட்டுப் படுத்துவிடுவான். மனைவி "சாப்பாடு இருக்கு", "தண்ணி வரல" என்று தகவல் மட்டும் சொன்னாள். சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் வீடு போகும் என்று ஃபியூஸ் இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தார்.

சனிக்கிழமை காலை துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள். "நீங்க சொன்னீங்களா?"

"நான் சொல்லல. ஆனா..."

"ஆனாவுக்கு அப்புறம் என்ன?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அட்டைப்பெட்டி, கையெழுத்து, விளக்கு மூடி, மைக். அவள் சத்தம் போடவில்லை. கையில் இருந்த துணியோடு கட்டிலில் உட்கார்ந்தாள். மைத்துனன் எப்போது வந்து வாசற்படியில் நின்றான் என்று தெரியவில்லை.

"எத்தனை நாளா?" என்றாள்.

"இருபத்திமூணு நாள்."

அவள் விரலில் நாள் எண்ணினாள். "அப்போ போன வாரம் செவ்வாக்கிழமை பேசினதும் அதுல இருக்கும்."

"என்ன பேசினே?"

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மார்ல ஒரு கட்டி தட்டுப்பட்டுச்சு. போய் டெஸ்ட் எடுத்தேன். வெறும் கொழுப்புக் கட்டிதான், பயப்பட ஒன்னுமில்லன்னு ரிசல்ட் வந்திடுச்சு. உங்ககிட்ட நிதானமா சொல்லலாம்னு இருந்தேன். முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க சோறு தண்ணி இல்லாம கிடந்திருப்பீங்க." கையில் இருந்த துணியை மறுபடி மடித்தாள். "எனக்குக் கட்டி இருந்தது உங்களுக்கு முன்னாடி அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு."

ஃபியூஸுக்கு அவளைத் தொடவேண்டும் போலிருந்தது. கை எழவில்லை.

"இப்பவே போய் அந்த விளக்கைப் பிடுங்கி அவர் மேசையில வெச்சிட்டு வரேன்" என்று மைத்துனன் கிளம்பினான்.

"பிடுங்கினா கேஸு உன் மேல திரும்பும். அது இருக்கற இடத்துலயே இருக்கட்டும். லேபர் ஆபீஸ்லேருந்து வந்து பாக்கணும்" என்றாள் மனைவி.

"வந்தா யாரு எடுத்துக் காட்டுவா?"

"மாட்டினவன்தான் காட்டணும்" என்றார் ஃபியூஸ்.

திங்கட்கிழமை ஃபியூஸும் மைத்துனனும் லேபர் ஆபீஸ் பெஞ்சில் காத்திருந்தார்கள். ஒரே பெஞ்ச், நடுவில் ஓர் ஆள் உட்காருகிற அளவு இடம். அதிகாரி ஜலதோஷத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்த ஒரு பெண்மணி. ஃபியூஸ் எழுதிக்கொண்டு போயிருந்ததை இரண்டு தடவை படித்தார்.

"நாற்பதுலயும் நீங்களே மாட்டினீங்களா?"

"ஆமாங்க."

"வெளிய சொல்லமாட்டேன்னு கையெழுத்தும் போட்டிருக்கீங்க."

"ஆமாங்க."

"அந்தப் பேப்பர் உங்களைக் கட்டாது. தப்பை மறைக்க வாங்கின கையெழுத்து அது. ஓட்டுறவங்களுக்குச் சொல்லாம வெச்சது ஒரு தப்பு. அவங்க பேசறதை ஒளிஞ்சு கேட்டது அதைவிடப் பெரிய தப்பு." அவர் ஒரு தும்மல் போட்டார். "நாங்க சொல்லிட்டு வரமாட்டோம். என்னைக்குன்னு உங்களுக்கும் சொல்லமாட்டேன். அதுவரைக்கும் வழக்கம்போல வேலைக்குப் போங்க."

வழக்கம்போல வேலைக்குப் போவதுதான் முடியாத காரியமாக இருந்தது. ஷெட் வாசலில் எந்தக் கார் நின்றாலும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். ஐந்தாம் நாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"ஆறாம் நம்பர்ல படம் கோணலா வருதே. மூடியை யாராவது கழட்டினாங்களா?"

"குலுங்கலுக்கு லூசாயிருக்கும் சார்."

"நீங்க கழட்டலையே?"

"நான் எதுக்கு சார் கழட்டறேன்?"

மேனேஜர் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, போய் நேராக்கிடுங்க" என்றதும் எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே நினைவில்லை. போய் நேராக்கினார். அதையும் அவரேதான் செய்யவேண்டியிருந்தது.

ஒன்பதாம் நாள் காலை ஏழு மணிக்கு, வண்டிகளில் பார்சல் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த அதிகாரி இரண்டு உதவியாளர்களோடு உள்ளே வந்தார். மேனேஜர் ஓடிவந்தார்.

"வண்டிக்குள்ள கேமரா இருக்கா?"

"ரோட்டுப் பக்கம் மட்டும்தான் மேடம்."

"எலக்ட்ரீஷியன் யாரு?"

ஃபியூஸ் முன்னால் வந்தார். டிரைவர்கள் ஏற்றுவதை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். பதினேழாம் நம்பரில் ஏறினார். முதல் திருகு கழன்று கீழே உருண்டது. கூட்டத்தில் யாரோ குனிந்து எடுத்துக் கொடுத்தார்கள். மூடி வந்தது. வயரோடு தொங்கிய கேமராவை உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நீட்டினார். மேனேஜர் பக்கம் அவர் திரும்பவேயில்லை.

"எல்லா வண்டியிலயும் இருக்கு. பேசறதும் பதிவாகும். நான்தான் மாட்டினேன்."

எல்லோரும் சித்தப்பா என்று கூப்பிடுகிற மூத்த டிரைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்போ நான் ஓட்டிக்கிட்டே பாடினதையெல்லாம் உக்காந்து கேட்டானுங்களா? தண்டனையை அனுபவிச்சிட்டானுங்க, விடுங்க."

சிலர் சிரித்தார்கள். இருபத்தொன்பதாம் நம்பரை ஓட்டுகிற பெண் சிரிக்கவில்லை. வீட்டிலிருந்து வந்ததும் வண்டியில் திரையை இழுத்துவிட்டு யூனிஃபார்ம் மாற்றுகிறவள் அவள்.

"அண்ணே, என் வண்டியிலயும் நீங்கதான் மாட்டினீங்களா?"

"ஆமாம்மா."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். திரும்பித் தன் வண்டிக்குப் போய்விட்டாள். அந்த ஒன்பது நாளும் பட்ட பயமெல்லாம் அந்தப் பார்வைக்கு முன் ஒன்றுமில்லை என்று ஃபியூஸ் பின்னால் மனைவியிடம் சொன்னார்.

விசாரணை இரண்டு மாதம் நடந்தது. நாற்பது கேமராக்களையும் கழற்ற உத்தரவு வந்தது. பதிவானதையெல்லாம் அதிகாரியின் முன்னாலேயே அழித்தார்கள். இனி உள்ளே கேமரா வைப்பதானால் வெளிப்படையாக, சத்தம் இல்லாமல், எழுத்தில் தெரிவித்துத்தான் வைக்கவேண்டும். மேனேஜரை வேறு கிளைக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். மைத்துனன் முதுகு சரியாகி, தன்னுடைய சொந்த டாக்டரின் கடிதத்தோடு போய் வண்டியைத் திரும்ப வாங்கினான். அந்த வருடப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. அடுத்த வருடம் வந்தது.

ஃபியூஸை யாரும் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. ஆனால் அவர் கருவிப்பெட்டியோடு பக்கத்தில் வந்தாலே டிரைவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இருபத்தொன்பதாம் நம்பருக்கு விளக்கு எரியாவிட்டாலும் அந்தப் பெண் வெளியே கடையில் பார்த்துக்கொண்டாள். நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவராகவே எழுதிக்கொடுத்து விலகி, லிஃப்ட் ரிப்பேர் செய்கிற ஓர் இடத்தில் சேர்ந்தார்.

மனைவியிடம் மன்னிப்புக் கேட்டார். "கேட்டுட்டீங்கல்ல, விடுங்க" என்றாள். அவள் விட்டுவிட்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்த பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவரையும் கூட வரச்சொன்னாள்.

மைத்துனன் இரண்டு தெரு தள்ளி ஒரு அறை பிடித்துப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைப் பார்க்க வருவான். மாமாவிடம் வண்டி, வெயில், டிராஃபிக் என்று இரண்டு வார்த்தை. ஆறு மாதம் அப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"ரூம்ல ஃபேன் சுவிட்ச் பொறி பறக்குது மாமா. வந்து பாக்கறீங்களா?"

ஃபியூஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு கூடவே போனார். மெயினை அணைத்துவிட்டுப் பலகையைக் கழற்றினார். மைத்துனன் உட்காரவில்லை. பக்கத்தில் நின்று, பலகையின் உட்புறத்தையும் அவர் விரல்களையும் பார்த்துக்கொண்டே இருந்தான். ஃபியூஸுக்குப் புரிந்தது. கொஞ்சம் ஒதுங்கி நின்று, அவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒவ்வொரு வயராக மெதுவாக மாட்டினார். பலகையை மூடுவதற்கு முன் திரும்பிக் கேட்டார்.

"பாத்துட்டியா மாப்ள? மூடலாமா?"

அவன் இன்னொரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "மூடுங்க மாமா" என்றான்.