ஆஷ்பாண்ட் பாய்ஸின் கடைசிப் பாட்டு

பார்சல் ‘டெலிவர்டு’ என்று போனில் காட்ட ஆரம்பித்துப் பதினெட்டு நாளாகிவிட்டது. யார் கையில் டெலிவர் ஆனது என்றுதான் தெரியவில்லை. தபாலாபீஸில் இரண்டு முறை போய்ச் சண்டை போட்டேன். “உங்க ஆபீஸ்ல குடுத்துக் கையெழுத்து வாங்கியாச்சுங்க” என்றார்கள். ஆபீஸில் கேட்டால், “உனக்கு யாருப்பா அமெரிக்காவுலேர்ந்து அனுப்பறாங்க?” என்று சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தது. பலன் ஒன்றும் இல்லை.

நான் கருணாகரன். வயது நாற்பத்தாறு. நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் அறுந்தால் அதை ஒட்டுகிற வேலை. அப்பாவைப் போலவே காண்ட்ராக்ட். இருபத்திரண்டு வருடத்தில் காண்ட்ராக்ட் கம்பெனி நான்கு முறை மாறிவிட்டது. பெல்ட்டும் நானும் அப்படியே இருக்கிறோம். கம்பெனி ஆட்களுக்கென்று விட்டிருக்கும் பழைய குவார்ட்டர்ஸ் ஒன்றில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களும் ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

வீட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு இசைத்தட்டுகள் இருக்கின்றன. எல்லாம் அமெரிக்காவில் எண்பதுகளில் பங்க் ராக், ஹார்ட்கோர் என்று சொல்லிக்கொண்ட பையன்கள் போட்டவை. கார் ஷெட்டிலும் வீட்டு நிலவறையிலும் நின்று தொண்டை கிழியக் கத்தி, தங்கள் கைக்காசில் முந்நூறு தட்டு அடித்து, நண்பர்களிடம் விற்று, பிறகு பிரிந்து வேலைக்குப் போனவர்கள். அந்த முந்நூறில் பாதி குப்பைக்குப் போயிருக்கும். மீதியை என்னைப் போலச் சிலர் உலகம் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறோம். பண்ருட்டிப் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் தமிழ்ப் படப் பாட்டுத் தட்டுகளை அவர்களுக்கு அனுப்புவேன்; அவர்கள் இதை அனுப்புவார்கள். நம் ஊர்ப் பாட்டுக்கு அங்கே ஏங்குகிறவன் இருக்கிறான் என்பது எனக்கும் ஆச்சரியம்தான்.

பக்கத்து வீட்டுக் கமலா அக்கா ஒருநாள் கதவைத் தட்டி, “மிக்ஸி ஏதும் ரிப்பேருங்களா தம்பி?” என்று கேட்டிருக்கிறார். அதிலிருந்து சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் கேட்பேன். போன வருடம் அவர் குடும்பமும் வடலூரில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டது. இப்போது அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, அதற்கடுத்த இரண்டு வீடுகளும் பூட்டிக் கிடக்கின்றன. எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் வைக்கலாம். வைக்கத் தோன்றவில்லை.

வராமல் போன பார்சலில் இருந்தது ஆஷ்பாண்ட் பாய்ஸ் என்ற குழுவின் ஒரே தட்டு. ஒஹையோவில் ஏதோ ஓர் அனல் மின்நிலையத்துப் பக்கத்துப் பையன்கள். அனல் மின்நிலையச் சாம்பலைக் கரைத்துவிடும் குட்டைக்கு இங்கேயும் ஆஷ்பாண்ட் என்றுதான் பெயர். அந்தப் பெயருக்காகவே அவர்கள் எனக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள்.

அவர்களை எனக்குக் காட்டியவன் அருண்பிரசாத். பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன். அவனுடைய சித்தப்பா பையன் அமெரிக்காவிலிருந்து ஒரு கேசட் கொண்டுவந்திருந்தான். அருண் அதிலிருந்து எனக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுத்தான். இருவரும் ஒரே சைக்கிளில் பதினெட்டாம் பிளாக் ரோட்டில் அந்தப் பாட்டுகளைக் கத்திக்கொண்டே போவோம். இங்கிலீஷ் பாதி புரியாது. கோபம் முழுக்கப் புரிந்தது.

கடைசிப் பாட்டில் ஒரு சங்கடம். பாடுகிறவன் வேகமாக வந்து, எல்லாரையும் திட்டி முடித்து, சட்டென்று நிதானமாகி, ‘நான் சொல்ல வந்தது என்னன்னா’ என்று இங்கிலீஷில் ஆரம்பிப்பான். அங்கே அறுந்துவிடும். என்ன சொல்ல வந்தான்?

அருணிடம் கேட்டேன். “அவ்ளோதான்டா பாட்டு” என்றான். நான் நம்பவில்லை. எந்தப் பாட்டாவது அப்படி முடியுமா? டேப் தீர்ந்திருக்கும், சோம்பேறித்தனத்தில் அப்படியே கொடுத்துவிட்டான் என்று நினைத்தேன். ஒரிஜினல் கேசட்டைக் கேட்டேன். அதன்மேல் அவனுடைய அக்கா கல்யாணத்தில் நலங்குப் பாட்டைப் பதிந்துவிட்டார்களாம். மிச்சத்தை அவன் மட்டும் கேட்டுவிட்டு எனக்கு மறைக்கிறான் என்று தோன்றியது. தோன்றியது பிறகு உறுதியாகிவிட்டது. இருபது வயதில் இதெல்லாம் உறுதியாவதற்கு ஆதாரம் தேவைப்படாது. அவனோடு பேச்சை நிறுத்தினேன். அவன் இரண்டு மூன்று முறை வீட்டுக்கு வந்தான். அம்மாவிடம் இல்லையென்று சொல்லச் சொன்னேன். அப்புறம் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு இந்தப் பாட்டுகளைப் பற்றிப் பேச எனக்கு ஆளே கிடைக்கவில்லை. இருபத்தாறு வருடம். அம்மா இறந்தபோது மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. அவன்தான் என்று தெரிந்தும் எடுக்கவில்லை; நம்பரை மட்டும் அழிக்காமல் வைத்திருந்தேன்.

அந்தக் குழுவின் இரண்டு பாட்டுகளை யாரோ இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். கடைசிப் பாட்டை எவனும் ஏற்றவில்லை. ஒருவழியாகப் போன மாசியில் ஒஹையோவில் ஒருவரிடம் தட்டு இருப்பது தெரிந்தது. ஆறு படப் பாட்டுத் தட்டுக்குச் சம்மதித்தார். பாட்டு எப்படி முடிகிறது என்று அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லிவிடுவாரே என்று கேட்கவில்லை. நானே கேட்கவேண்டும். அருண் பொய் சொன்னான் என்று என் காதால் தெரிந்துகொள்ள வேண்டும்.

பகல் ஷிப்டில் வீட்டில் ஆள் இருக்காது என்பதால் ஆபீஸ் விலாசம் கொடுத்தேன். வளைத்து ஒடித்துவிடப் போகிறார்கள் என்று பயந்து, ‘ரெக்கார்ட்ஸ், மடக்காதீர்கள்’ என்று பெரிய எழுத்தில் எழுதச் சொன்னதும் நான்தான். பத்தொன்பதாம் நாள், பி.எஃப். பேப்பர் ஒன்றில் கையெழுத்துப் போட ஆபீஸுக்குப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஆபீஸில் பின்பக்கம் ஓர் அறை இருக்கிறது. வாசலில் போர்டு: ரெக்கார்ட்ஸ்.

உள்ளே மலர்விழி மேடம் மட்டும் இருந்தார். திருவதிகையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். கூரை வரைக்கும் ஃபைல். அந்த அறைக்கு யாரும் போவதில்லை. எதையாவது தொலைத்தால்தான் போவார்கள்.

“அமெரிக்கா பார்சலுங்களா? நீங்கதான் கருணாகரனுங்களா?” என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “யாராச்சும் கேட்டுகினு வருவாங்கன்னு பாத்துகினே இருந்தேங்க.”

அலமாரியைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்து வைத்தார். மேலே அழகான கையெழுத்தில், ‘கருணாகரன் – அமெரிக்கா’. திறந்தேன். தட்டின் உறை, பாட்டு வரிகள் அச்சடித்த தாள் இரண்டிலும் இரண்டிரண்டு ஓட்டை போட்டு டேக் கயிறு கட்டியிருந்தது. உறையின் மூலையில் ஊதா மையில், வந்த தபாலுக்குக் குத்துகிற இன்வர்டு சீல், தேதி, நம்பர். தட்டின் நடுவில் இருக்கும் பெரிய ஓட்டை வழியாகவும் டேக் போயிருந்தது. அதன் லேபிளில் இன்னொரு சீல்: பெர்மனென்ட்.

முந்நூறில் மிஞ்சிய ஒன்று. நாற்பது வருடம் ஒருத்தன் அலமாரியில் பொத்திப் பொத்தி வைத்தது. அதில் பஞ்சிங் மெஷின்!

“என்ன மேடம் பண்ணி வெச்சிருக்கீங்க? அறிவு வேணாமா? இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?” கத்தினேன். இன்னும் ஏதேதோ கத்தினேன். எழுத வெட்கமாக இருக்கிறது.

அவர் அழவில்லை. “ரெக்கார்ட்ஸுன்னு போட்டு இந்த ரூமுக்கு வந்துச்சுங்க. வந்தா நான் என்ன பண்ணணுமோ அதைப் பண்ணேங்க. அட்டைக்குத்தான் ஓட்டை போட்டேன். கறுப்புத் தட்டுல நடுவுல ஏற்கெனவே ஓட்டை இருந்துச்சு. ஃபைல் பண்றதுக்குன்னே செஞ்சதுன்னு நெனச்சேன். கீறல் வுழக்கூடாதுன்னு ரெண்டு பக்கமும் பிரவுன் பேப்பர் வெச்சிருக்கேன், பாருங்க.”

பார்த்தேன். வைத்திருந்தார். ஒரு கீறல் இல்லை.

“பெர்மனென்ட் சீல் எதுக்கு?”

“மூணு வருஷம், பத்து வருஷம், பெர்மனென்ட்டு. மூணு சீல்தாங்க இருக்குது. அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துருக்குது. கிழிச்சுப் போடற லிஸ்ட்ல சேந்துடக் கூடாதுன்னு போட்டேன்.”

இந்தக் கம்பெனியில் வாட்ச்மேனிலிருந்து மேனேஜர் வரைக்கும் ஒருத்தன் பெர்மனென்ட் கிடையாது. வந்த அன்றே பெர்மனென்ட் ஆனது அந்தத் தட்டு ஒன்றுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு அவரைத் திட்டியது வலித்தது. மன்னிப்புக் கேட்டேன்.

“அதெல்லாம் வுடுங்க. ஆனா இன்வர்டு ஆயிடுச்சுங்களே. மேனேஜர் கையெழுத்து இல்லாம வெளிய குடுக்க முடியாதுங்க. அவரு சென்னை போயிருக்காரு, திங்கக்கிழமை தான் வருவாரு.”

திங்கட்கிழமை வரை பொறுக்க என்னால் முடியாது. “இங்கேயே வெச்சு ஒரு தடவை கேட்டுக்கலாமா?” என்றேன்.

ரூலில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை என்று யோசித்துச் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போய், பெட்டி மாதிரி மூடி வைக்கிற என் சின்ன ப்ளேயரை டிவிஎஸ்ஸில் வைத்துக் கொண்டுவந்தேன். அவர் டேக்கை வெட்டாமல் முடிச்சை நகத்தால் நெருடி நெருடி அவிழ்த்தார். கடைசிப் பாட்டு இருக்கும் பக்கம் மேலே வரும்படி நான் தட்டைத் திருப்பிப் போட்டேன்.

முதல் பாட்டு முடிந்தது. மேடம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். “சண்டை போட்டுக்கறாங்களா?” என்று கேட்டார். “இல்லைங்க, பாடறாங்க” என்றேன். கடைசிப் பாட்டு ஆரம்பித்தது. திட்டினான், திட்டி முடித்தான், நிதானமானான். ‘நான் சொல்ல வந்தது என்னன்னா.’

நின்றுவிட்டது.

“கரண்ட்டு போயிடுச்சுங்களா?” என்றார் மேடம். தலைக்குமேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஊசி பாட்டுக் கோடுகளைத் தாண்டி நடுவிலிருக்கும் வழுவழுப்பான வெற்றுப் பகுதிக்கு வந்து சும்மா உரசிக்கொண்டிருந்தது.

மறுபடி வைத்தேன். அங்கேதான் நின்றது. பாட்டுத் தாளை எடுத்துப் பார்த்தேன். அதிலும் கடைசி வரி அந்த வார்த்தைகள்தான். அதன் கீழே ஒன்றுமில்லை.

“அங்க ஏதோ கையால கீறி எழுதியிருக்குதே, அது இதைப் பத்திங்களா?” என்றார் அவர். அந்த வெற்றுப் பகுதியில் தட்டு அடித்தவர்கள் நம்பர் கீறியிருப்பார்கள்; சில பேர் ஏதாவது குறும்பாகவும் கீறி வைப்பார்கள். தட்டு கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பதே அதைத்தான். அன்று பார்க்கவில்லை. மேடம் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தில் இங்கிலீஷ் எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதியிருந்தார். தமிழில் சொன்னால்: ‘டேப் தீர்ந்துபோச்சு, மன்னிச்சுக்கங்க.’

ரெக்கார்டிங் நடந்த அன்று அந்தப் பையன்களுக்கே டேப் தீர்ந்திருக்கிறது. இன்னொரு டேப் வாங்க வழியில்லாமல் அப்படியே தட்டு அடித்துவிட்டார்கள். அவ்வளவுதான் பாட்டு. அருண் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. என்னிடம் இதைப் பற்றி ஒருவர் கேட்டு எத்தனை வருடமாயிற்று! அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்போ அவரு மேல தப்பே இல்லீங்களே” என்றார். “இப்பவே போன் பண்ணுங்க.”

வெளியே சைக்கிள் ஷெட்டில் நின்று கூப்பிட்டேன். நம்பர் மாறியிருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டேன். மாறவில்லை.

“டேய் கருணா! நீயாடா?” என்றான். குரல் கனத்திருந்தது, அவன்தான்.

நான் வேறு எதுவும் விசாரிக்கவில்லை. “நீ சொன்னது சரிடா. அந்தப் பாட்டு அவ்ளோதான். தட்டு கிடைச்சுது, இப்பத்தான் கேட்டேன். கேசட்டுல நீ எதையும் வெட்டல” என்றேன்.

“எந்தப் பாட்டு?”

“ஆஷ்பாண்ட் பாய்ஸ்டா. கடைசிப் பாட்டு.”

கொஞ்சம் யோசித்தான். அவனுக்கு ஞாபகம் வரவில்லை. அந்தப் பேர்கூட ஞாபகம் இல்லை. கேசட் ஏதோ கேட்டோம் என்பது மட்டும் இருந்தது. நான் இருபத்தாறு வருடம் அவனோடு மனதுக்குள் போட்ட சண்டையில் அவன் ஒருநாளும் இருந்ததே இல்லை.

“அது கெடக்கட்டும்டா” என்றான். “நீ ஏன்டா திடீர்னு என்கிட்டப் பேசறத நிறுத்துன? நான் என்னடா பண்ணேன்? வீட்டுக்கு வந்தா இல்லன்னு சொல்லுவாங்க, உள்ள உன் செருப்பு கெடக்கும். இங்க வந்தப்புறமும் ரொம்ப வருஷம் யோசிச்சிருக்கேன்டா. உங்க வீட்ல யாரையாவது தப்பாப் பேசிட்டேனோ, உங்கப்பாவுக்கு பெர்மனென்ட் ஆகலன்னு ஏதாவது வாய் தவறிச் சொல்லிட்டேனோன்னு. சொல்லுடா, என்னதான்டா ஆச்சு?”

“அந்தப் பாட்டுக்காகத்தான்டா” என்றேன்.

போன் கட்டாகிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“ஒரு பாட்டுக்கா?” என்றான்.

“ஆமாம்டா.”

சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.