அஸாஹெலுக்கு ஒரு குழி

கடப்பாரை மண்ணில் இறங்காமல் தெறித்தது. மெஹிடபெல் குனிந்து பார்த்தாள். வெள்ளையாக ஒரு கீறல், அவ்வளவுதான். காலையிலிருந்து அங்கே விறகு எரித்திருந்தாள். ஆனால் நெருப்பின் சூடு மேலேதான் போகும். நான்கு விரல் ஆழம் இளகிச் சேறானது; தணல் அவிந்ததும் அந்தச் சேறும் கல்லாகிவிட்டது.

மாஸசூஸெட்ஸின் அந்த மலைப்பக்கத்தில் குளிர்காலத்தில் செத்தவர்களைப் பலகையில் கிடத்திக் கொட்டகையில் வைத்துவிடுவார்கள். மண் இளகியதும் புதைப்பார்கள். ஆனால் அவள் கணவன் அஸாஹெல் குளிரால் செத்தவன். கடனுக்கு மாட்டையும் நிலத்தையும் பறிக்கும் நீதிமன்றம் கூடவிடாமல், மற்ற விவசாயிகளோடு வாசலை மறித்து நின்றவன். அரசுப்படை துரத்தியதில் பனிப்புயலில் நடந்தே வீடு வந்தபோது கால்விரல்கள் கறுத்திருந்தன. நேற்று, நினைவு தப்புமுன், "என்னைக் குளிர்ல போட்டு வச்சிராத மெஹி" என்றான். மாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

அஸாஹெலின் தம்பி எலிஃபலெட் வந்து நின்றான். தொப்பியில் அரசுப்படையின் அடையாளமான வெள்ளைக் காகிதம்.

"அதைப் பிடுங்கிட்டு உள்ள போ. உங்கண்ணன் தொப்பியில இன்னும் விவசாயிங்க அடையாளமா செருகுன ஊசியிலைக் கொத்துதான் இருக்கு."

பிடுங்கினான். உள்ளே போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தவன் வேறு எதையோ பேசினான். பிலடெல்ஃபியாவில் பெரிய மனிதர்கள் கூடப்போகிறார்களாம். இனி இப்படிக் கலகம் எழாதபடி நாட்டுக்கே வலுவான சட்டம் வருமாம்.

"குழி வெட்டவும் அதுல வழி எழுதுவாங்களா?"

அவன் கடப்பாரையை வாங்கி ஓங்கிக் குத்தினான். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான்.

"வசந்தம் வரைக்கும் வைங்க அண்ணி. எல்லாரும் வைக்கிறதுதானே."

பசு கத்தியது. மெஹிடபெல் வாளியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குள் போனாள். கறக்க உட்கார்ந்தபோது குதிகால் வைக்கோலுக்குள் அமிழ்ந்தது. கறப்பதை நிறுத்தினாள். வைக்கோலை விலக்கினாள், அடியில் மக்கிய சாணத்தை விலக்கினாள். லேசாக ஆவி வந்தது.

"கடப்பாரையை எடுத்துட்டு வா."

ஒரு முழம் இறங்கியது.

கூரை பனியைத் தடுத்திருந்தது; மக்கும் சாணம் சூடு விட்டது; மேலே இரவெல்லாம் பசு படுத்திருந்தது. நீதிமன்றம் கூடியிருந்தால் அந்தப் பசு இலையுதிர்காலத்திலேயே ஏலம் போயிருக்கும்.

எலிஃபலெட் அதை அவிழ்த்து எதிர்ச்சுவரோரம் கட்டினான். பசு நின்ற இடத்தில் மண் உறையவில்லை. அங்கே தோண்டினார்கள்.