கடைக்குப் புது எண்ணெய்

என் வீட்டுக்காரருக்கு இரண்டாவது முறை நெஞ்சுவலி வந்தபோது, இனி அவர் வாயைக் கட்டுவது என் பொறுப்பு என்று வரிந்துகட்டிக்கொண்டு நின்றேன். சிகரெட்டைப் பிடுங்கி எறிந்தேன். விடிந்ததும் நடக்கத் துரத்தினேன். தினமும் கீரை, பழம். "அடுத்து புண்ணாக்கா?" என்பார். நான் சிரிக்க மாட்டேன். சிரித்தால் கூடவே அழுகையும் வந்துவிடும்.

அப்படியும் சில மாதத்துக்குள் மாடிப்படியின் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். மறுநாள் டாக்டரம்மா பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாரா?"

"சாப்பிடறாரு. சிகரெட்ட விட்டாச்சு. கீரை தவறாம குடுக்கறேன். இதுக்கு மேல நான் என்னதாங்க பண்றது?"

"கீரைய எதுல வதக்குறீங்க?"

இது என்ன கேள்வி! எங்களுடையது சிப்ஸ் கடை. தினமும் காலையில் சட்டியில் புது எண்ணெய்தான் ஊற்றுவோம். நேற்றைய எண்ணெயில் வறுத்து ஒருத்தர் கையில் கொடுத்ததில்லை. அதில் இவருக்கு அத்தனை கர்வம். மீந்ததைக் கொட்ட மனசு வருமா? வடிகட்டித் தூக்குவாளியில் வீட்டுக்கு வரும். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் அடுப்பில் அதுதான்.

சொல்லி முடிப்பதற்குள் டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டார்.

"உடம்புக்குள்ள துரு ஏறுற மாதிரி ஒண்ணு நடந்துட்டே இருக்கும்மா. சின்ன வயசுல உடம்பே சமாளிச்சிடும். வயசானா முடியாது. கீரை, நடை எல்லாம் அதுக்குத்தான் சொன்னேன். திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெய் அந்தத் துருவைக் கூட்டும். இது ஒண்ணுதான் காரணம்னு சொல்லல. ஆனா இன்னிக்கே நிறுத்துங்க."

"நிறுத்தினா சரியாயிடுமா?"

"இன்னும் மோசமாகாம பார்த்துக்கலாம். போனது போனதுதான்."

ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். ஓட்டை போட்டவளும் நான்தான். தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை.

"டாக்டரம்மா, இவளையும் கொஞ்சம் பாருங்க."

"எனக்கென்ன? நான் கல்லாட்டம் இருக்கேன்."

"எனக்குப் போட்டுட்டு, சட்டியில ஒட்டினத வழிச்சுத் தின்னது யாரு? பக்கத்து வீட்டுக்காரியா?"

இவருக்கு ஒன்று என்றால் நான் இருக்கிறேன் என்ற ஒரே தைரியத்தில்தான் இத்தனை நாள் ஓடினேன். எனக்கு ஒன்று என்றால் இவரை யார் பார்ப்பது?

டாக்டரம்மா என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். கையை விடாமல் மறுபடியும் பார்த்தார். பிறகு பரிசோதனைக்கு ஒரு சீட்டு எழுதி எங்களை வெளியே உட்காரச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து கூப்பிட்டாள். பழக்கதோஷத்தில் இவர்தான் எழுந்தார்.

"நீங்க உட்காருங்கய்யா," என்றாள் அவள். "அம்மா, நீங்க வாங்க."