அழைப்புப் பாடல் முடியவில்லை

முப்பத்தோரு வருஷமாக அமெரிக்காவின் அலபாமாவில் அந்தக் கிறிஸ்தவ சபையில் பியானோ வாசிப்பவள் வெர்லீன். வந்து நாலு வருஷம்கூட ஆகாத பாஸ்டர் ராய்ஸுக்கு அவளிடம் இப்படிப் பேச எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ!

"ஞாயித்துக்கிழமை செனட்டுக்கு நிக்கிற லேனி ஸ்ட்ரவுட் வர்றாரு, சிஸ்டர். பிரசங்கம் முடிஞ்சு அழைப்புப் பாட்டு ஒரு சரணம் போதும். நான் கையைத் தூக்கினதும் அவரோட பிரசாரப் பாட்டுக்கு மாறிடுங்க. அவர் நடந்து வந்து மைக்கைப் பிடிப்பாரு."

"என் ஓட்டு அவருக்குத்தான், பாஸ்டர். கருக்கலைப்பு கூடாதுங்கிறாரு, நானும் அதைத்தான் சொல்றேன். ஓட்டுப் போட நவம்பர்ல சாவடி இருக்கு. அழைப்புப் பாட்டைக் கேட்டு மனந்திரும்புறவங்க அழுதுகிட்டு நடந்து வர்ற வழியில அவருக்கு என்ன வேலை?"

"முடியாதுன்னா சொல்லிடுங்க. அடுத்த வாரமே கீபோர்டு வாசிக்க ஆள் ரெடி."

ஓஹோ, அப்படியா சங்கதி! கணவனை அடக்கம் செய்த அன்றுகூட அந்தப் பியானோவை இன்னொருத்தர் தொட அவள் விட்டதில்லை. அதைப் போய்ப் பிடுங்குவாராமே!

ஞாயிறன்று சபையில் நிற்க இடமில்லை. ஸ்ட்ரவுட்டைப் படமெடுக்க டிவி கேமராவும் வந்திருந்தது. பிரசங்கம் முடிந்ததும் பாஸ்டர் வழக்கம்போலச் சொன்னார்: "எல்லாரும் தலையைக் குனிஞ்சு கண்ணை மூடுங்க. பாட்டு முடியற வரைக்கும் யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது."

வெர்லீனும் சபையில் ஒருத்திதானே? அவளும் மூடிக்கொண்டாள். பாஸ்டர் தூக்கிய கை தூக்கியபடியே நின்றது.

இரண்டாம் சரணம் போனது, மூன்றாவதும் போனது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். யாரோ ஒரு பாவி முன்னால் வராமல் முரண்டு பிடிக்கிறான் போலும் என்று சனம் இன்னும் உருகிப் பாடியது. கடைசியில் ஸ்ட்ரவுட்டுக்கே பொறுமை போய்விட்டது. பூட்ஸ் சத்தம் கேட்டு வெர்லீன் ஓரக்கண்ணால் பார்த்தாள். மனுஷன் பெஞ்சுகளுக்கு நடுவே விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தார்.

அந்தப் பாட்டு ஒலிக்கும்போது நடந்து வருகிறவன் மனந்திரும்ப வருகிறவன்தான். அந்தச் சபையில் வேறு அர்த்தமே கிடையாது. முன்வரிசையில் நின்ற மூப்பர் ஹாய்ட் ஓடிப்போய் அவரைக் கட்டிப் பிடித்து, தோளை அழுத்தி மண்டியிட வைத்தார்.

"ஆமென்!" என்று ஒரு பெண் தேம்பினாள்.

"எந்தப் பாவம் தம்பி உன்னை இப்படி அழுத்துது?" என்றார் ஹாய்ட்.

"பாவமா? ஐயா, நான் மூணு நிமிஷம் பேசத்தான் வந்தேன்."

"பேசு தம்பி. ஆண்டவர் கேக்கிறாரு."

ஸ்ட்ரவுட் கேமராவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

பாஸ்டர் பியானோவிடம் பாய்ந்து வந்தார். "நிறுத்துங்க சிஸ்டர்! இன்னிக்குத்தான் நீங்க இங்க வாசிக்கிற கடைசி நாள்."

அது அவளுக்கு முன்னமே தெரியும். விரலை எடுக்கவில்லை.

"மண்டி போட்டவரு இன்னும் ஒரு பாவத்தைக்கூடச் சொல்லலையே, பாஸ்டர். பாதியில எப்படி நிறுத்துறது?" என்றபடி அடுத்த சரணத்தைத் தொடங்கினாள். சபை முழுக்க அவளோடு சேர்ந்து பாடியது.